ஒற்றைச் சம்பளத்து வீடு

வீடு மாற்றிக்கொடுக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் பொட்டலக்கா. பில் போடுகிற பெண்ணிலிருந்து லாரி முதலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதை அங்கிருந்து யாரும் வெளியே எடுத்ததில்லை.

அவள் கட்டுவது அடுப்படிச் சாமான்கள். பீரோ, கட்டில், மேசையெல்லாம் ஆண்கள் வேலை. அதற்கு முதுகு இருந்தால் போதும் என்பாள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் கை வேண்டும். தட்டுகளை அவள் படுக்க வைக்கமாட்டாள். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தித்தான் வைப்பாள். படுத்த தட்டின்மேல் ஊரே ஏறி உட்காரும், நின்ற தட்டு தன் பாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கனமானது சின்னப் பெட்டியில், லேசானது பெரிய பெட்டியில். பெட்டியை ஒட்டுவதற்குமுன் இரண்டு கையாலும் மெல்ல ஆட்டிக் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே சத்தம் வந்தால் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து பிரிப்பாள்.

"பேசுற பெட்டி உடையும்" என்பாள்.

அந்த விதியைத் தனக்கும் வைத்திருந்தாள். அடுத்தவர் வீட்டுச் சாமானைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாணலியின் அடியில் அப்பியிருக்கும் கரியைப் பற்றியும் இல்லை, திறக்காமலே பழசாகிப்போன பரிசுப் பொட்டலங்களைப் பற்றியும் இல்லை. ஒருமுறை ஒரு வீட்டில், கணவன் போன பிறகு வீட்டை விற்றுவிட்டுப் போகிற அம்மாள் ஒருத்தி, அடுப்படி நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். லாரிக்காரர்கள் வெளியே நெளிந்துகொண்டிருந்தார்கள். பொட்டலக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்த கரண்டிகளையெல்லாம் அந்த அம்மாள் கையில் அள்ளிக் கொடுத்து, "இதைப் பெரிசு சிறிசு பிரிச்சுத் தாங்கம்மா, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். கரண்டி பிரித்து முடிக்கும்போது அழுகையும் நின்றிருந்தது. அக்காவுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஊசியில் நூல் கோக்க அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்படி நாலைந்து பெட்டிக்குள் அடங்கிவிடும். அறைகள் பெரிதாக இருக்கும். பேசினால் எதிரொலிக்கும். இப்போது நேர்மாறு. சென்ற வருஷம் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சாமானைக் கட்டி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டிய வீடு.

"என்னக்கா இது" என்றார் மேஸ்திரி. சுமைக்காரர்களுக்கெல்லாம் தலைவர் அவர். "வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கு. சாமானைப் பாத்தா சரக்கு ரயில் வேணும்போல இருக்கு. இவ்வளவையும் எங்கதான் வச்சிருந்தாங்க?"

"மேல மேல."

"எதுக்கு இவ்வளவு வாங்குறாங்க?"

"வீடு வாங்க முடியல. அதுக்குள்ள வைக்கிறதையாவது வாங்குவோம்னு வாங்குறாங்க. அந்தப் பக்கம் தூக்குங்க, ஓரம் இடிக்குது."

இதை அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

பொட்டலக்காவின் கணவர் சோப்பு ஆலையில் வேலை பார்த்தவர். நீளநீளமாக வரும் சோப்புப் பாளத்தைக் கட்டி கட்டியாக அறுக்கிற மெஷின் அவருடையது. ஆலை மூடிப் பல வருஷம் ஆகியும் தெருவில் அவரை மெஷின்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசை வீடுகள் இருந்தன: ஒரு முன் அறை, ஒரு பின் அறை, அடுப்படி, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு முற்றம். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் அந்த வீடுகளைத் தொழிலாளிகளுக்கே விற்றுவிட ஆலை முடிவுசெய்தது. பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மகள் தவழும்போது தொடங்கிய பிடித்தம், அவள் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் படிக்கும்போது முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஆலை மூடியது, வேலை போனது. வீட்டை மட்டும் யாரும் அசைக்க முடியவில்லை.

அந்த வீட்டில் வெகுகாலம் ஒரே ஒரு விளக்கு. சாப்பாட்டு நேரத்தில் அது அடுப்படியில் தொங்கும், மகள் படிக்கிற நேரத்தில் முன் அறைக்கு வரும். கக்கூஸ் நாலு வீட்டுக்கு ஒன்று. பொட்டலக்காவுக்கு மாற்றுத்துணி இரண்டு. மழைக்காலத்தில் ஒன்று காய்வதற்குள் மற்றது நனைந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஆலை டாக்டர் வருகிற கிழமைவரை ஈரத்துணி போட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டும். யாராவது அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று ஆரம்பித்தால் அவள், "ஆமா, பொற்காலத்துல தண்ணி வராது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

மெஷின்காரருக்கு அப்படி இல்லை. நல்ல மனிதர்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, மனைவி சம்பாதிக்கிறாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் கிடையாது. ஆனால் வாழ்நாளில் அவர் செய்த பெரிய காரியம் அந்த வீடு. அதை ஒரு நாளைக்கு ஒருமுறையாவது தடவிப் பார்க்கவேண்டும் அவருக்கு.

மகள் கல்யாணமாகி முதல் இரண்டு மாதம் அங்கேதான் இருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மருமகன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெஷின்காரர் சொன்னார்:

"நான் ஒத்தச் சம்பளத்துல வீடு வாங்கினேன் மாப்பிள்ளை. உங்களுக்கு ரெண்டு சம்பளம் வருது. எங்கதான் போகுதுன்னு எனக்குப் புரியல."

கணக்கு வாத்தியார் தண்ணீர் குடித்தார். மகள் பாதித் தட்டில் எழுந்து கை கழுவினாள். அடுத்த வாரமே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பார்க்க வருவாள், போவாள். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கவில்லை. அவரோ, அவள் வரும்போதெல்லாம் அதே பாட்டைப் பாடினார். சொல்வதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. கணக்கு சரியாகத்தானே இருந்தது?

ஒன்பது வருஷத்தில் மகள் ஐந்து வீடு மாறினாள். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார். ஒருவர் வாடகையை ஒரே தாவலில் பாதிக்குமேல் ஏற்றினார். ஒரு வீட்டில் மேல்மாடிக் குழாய் உடைந்து கட்டிலில் மழை பெய்தது. ஒவ்வொரு முறையும் பொட்டலக்காதான் போய்க் கட்டிக் கொடுத்தாள். கம்பெனியில் வாய் விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லாரி கேட்டு நிற்க வெட்கம். ஒரு சின்ன வண்டியை வாடகைக்குப் பிடித்து, மருமகனும் அவளுமாக ஐந்தாறு நடை அடிப்பார்கள். குழந்தை பற்றி மகளிடம் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"முதல்ல ஒரு இடத்துல காலை ஊன்றணும்மா" என்றாள் மகள். "ஓடுற வண்டியில யாராவது தொட்டில் கட்டுவாங்களா?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

இந்த முறை வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் வாடகையை உயர்த்தி வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் காலிசெய்ய வேண்டும். இவர்கள் கைக்கு எட்டிய வீடு ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் கிடைத்தது. மருமகனுக்குப் பரவாயில்லை, அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்கலாம். மகளுக்கு மாதத்தில் பாதி நாள் ராத்திரி டியூட்டி. அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. பகல் டியூட்டி மட்டும் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றார்கள். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடப்போகிறாள்.

"நம்ம வீடு ஆஸ்பத்திரிக்கு மூணு ஸ்டாப்புடி" என்றாள் அம்மா.

"அது நம்ம வீடு இல்லம்மா. அப்பா வீடு. ஒத்தச் சம்பளத்து வீடு. அங்க வந்து தினம் சோத்தோட சேத்து அதையும் முழுங்க முடியாது."

"வேலையை விட்டுட்டு என்னடி பண்ணுவே?"

"தெரியல."

படிக்கிற காலத்தில் அந்த ஒற்றை விளக்கடியில் எலும்புகளின் பெயரைச் சத்தமாக மனப்பாடம் செய்த பெண் அவள். அடுப்படியில் கேட்டுக்கேட்டு அம்மாவுக்கே பாதி எலும்பு மனப்பாடமாகியிருந்தது. அந்த வேலை போய்விடக்கூடாது என்பதைத் தவிர பொட்டலக்காவுக்கு அந்த வாரம் வேறு நினைப்பு இல்லை. வழிதான் தெரியவில்லை. தூரம் அதிகம், சாமானும் பெருகிவிட்டது. முதல் முறையாகக் கம்பெனி ஆபீசில் போய் நின்று, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு லாரி வேணும், வீடு மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். யார் வீடு, எங்கே என்பதை அன்றைக்கு டிரைவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வெட்கத்தில் விட்டுவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வேலை பார்க்கிறவர்களில் யார் வீடு மாறினாலும் மற்றவர்கள் விடுமுறை நாளில் கூலியில்லாமல் வந்து கட்டி ஏற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குரியவர் ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது. முடிந்தால் அவருக்குத் தெரியாமலே முடித்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டுக் காட்டுவார்கள். வருஷம் முழுக்க அடுத்தவன் சாமானைச் சுமக்கிறவனுக்கு ஒருநாளாவது சும்மா நிற்கிற சுகம் கிடைக்கட்டும் என்று எப்போதோ யாரோ தொடங்கி வைத்தது. இந்த வகையில் பொட்டலக்கா எத்தனையோ வீட்டுச் சாமான் கட்டியிருந்தாள். அவள் முறை வந்ததேயில்லை.

ஆகவே, "பொட்டலக்கா வீடு மாறுதாம்" என்று பில் போடுகிற பெண் சொன்னதும் மேஸ்திரி துள்ளிக் குதித்தார். "யாரும் அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. ஒரு போன்கூடப் போடக்கூடாது. சொன்ன நேரத்துக்கு முன்னாலயே போய் நிக்கிறோம்" என்றார். அவருக்குத் தெரிந்த அக்கா வீடு ஒன்றுதான். எத்தனையோ முறை அங்கே டீ குடித்திருக்கிறார். சாவி கதவு நிலைக்கு மேலே இருக்கும் என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டலக்கா மகள் வீட்டில் இருந்தாள். விடியும்போதே பஸ் பிடித்துப் போய்விட்டாள். மகளும் மருமகனும் முன் அறையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசித் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது" என்றார் மேஸ்திரி. குரலில் பெருமை வழிந்தது. "ஏத்தியாச்சு. வந்து பாருங்க."

"என்ன ஏத்தியாச்சு? இங்க இன்னும் ஒரு பெட்டி இறங்கலயே?"

"எங்க இறங்கலை? நான் உங்க வீட்டு வாசல்லதான நிக்கிறேன்."

அவள் கையிலிருந்த தட்டைப் பத்திரமாக வைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது லாரிக்குப் பக்கத்தில் மெஷின்காரர் நின்றிருந்தார். அப்போதுதான் முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடரி பளபளவென்று இருந்தது. அவருடைய மரநாற்காலி லாரிமேல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"இந்தா, உன் ஆளுங்களை என்னன்னு கேளு" என்றார். "நான் முடிவெட்டிக்கப் போனேன். வந்து பாத்தா வீட்டுக்கு மொட்டை அடிச்சு வச்சிருக்காங்க. இதுல அந்த டிரைவர் என்னைப் பாத்து, எங்க இறக்கணும் ஐயான்னு கேக்கிறான்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். சுமைக்காரர்கள் ஆளுக்கொரு கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார்கள்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. அரைமணி நேரத்துல இறக்கி, இருந்த இடத்துல வச்சிடுறோம். ஒரு குண்டூசி மாறாது."

"இருங்க" என்றாள் அவள்.

லாரியைப் பார்த்தாள். அவளும் அவரும் வாழ்ந்தது முழுக்க அதில் இருந்தது. லாரியில் கால்வாசிகூட நிறையவில்லை. டிரைவர் பக்கச் சுவரோரமாகப் பெட்டிகள் ஒதுங்கி நின்றன, கூட்டம் வரும் என்று இடம்விட்டு நிற்பவர்களைப்போல. மகள் வீட்டுச் சாமானுக்கு இந்த லாரி போதுமா என்று அவள் அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனாள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டை அவள் வெறுமையாகப் பார்த்ததில்லை. பீரோ நின்ற இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தடங்கலில்லாமல் எதிர்ச்சுவர்வரை போய் விழுந்தது. இவ்வளவு வருஷம் பிறத்தியார் வீட்டுக் காலி அறைகளில் நின்று, எது எங்கே நிற்கும் என்று பார்த்துப் பழகிய கண்கள் அவளைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டன. அவர்கள் கட்டில் இங்கே நிற்கும். மேசை அந்த மூலையில். வாஷிங் மெஷின் முற்றத்துக் குழாயடியில். கிழவனும் கிழவியுமாக இரண்டு பேருக்குப் பின் அறை போதும். கால்வாசி லாரிக்கு முழு வீடு எதற்கு?

மெஷின்காரர் பின்னாலேயே வந்திருந்தார்.

"என்ன யோசனை? இறக்கச் சொல்லு."

"பின் அறையில மட்டும் இறக்கச் சொல்றேன். முன் அறை அவங்களுக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "நான் வேண்டாம்னா சொன்னேன்? அவதான் வரமாட்டா."

"ஏன் வரமாட்டா?"

"எனக்கென்ன தெரியும்? ரோஷக்காரி."

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஒன்பது வருஷமா நான் வாய் திறக்கல. இப்ப சொல்றேன், கேளுங்க. நீங்க சோப்பு அறுத்தீங்க. நல்லாவே அறுத்தீங்க. ஒருநாள் லேட்டாப் போனதில்ல. அதுல ஒரு குறையும் நான் சொல்லமாட்டேன். ஆனா வீடு வாங்கினது அதனால இல்ல. ஆலைக்காரன் வித்தான், நாம வாங்கினோம். உங்க ரெண்டு வருஷச் சம்பளம் அப்போ இந்த வீட்டு விலை. உங்க பக்கத்து மெஷின்ல நின்னானே ஒரு குடிகாரன், அவனும்தான் வாங்கினான்."

"அவன் வீட்டைக் கட்டிக் காப்பாத்தலையே."

"சரி, நீங்க காப்பாத்தினீங்க. இன்னைக்கு இதே வீடு அவங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு எத்தனை வருஷம்னு மாப்பிள்ளை ஒருநாள் போட்டுக் காட்டினார். சாப்பிடாம, உடுத்தாம, வாடகை கொடுக்காம இருபது வருஷம். வாத்தியார் கணக்கு. தப்பாயிருந்தா நீங்க போட்டுப் பாருங்க."

"அவங்க வாழ்ற வாழ்க்கை நாம வாழலயே" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆளுக்கொரு போன்..."

"வாழலதான். எனக்கு அன்னைக்கு ஒரு வாஷிங் மெஷின் இருந்திருந்தா உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். அவங்க நல்லா வாழணும்னுதான அவளைப் படிக்கவச்சோம்? அதையெல்லாம் மொத்தமா வித்தா ஒரு வாசக்கதவு வாங்கலாம். வீடு வாங்க முடியாது."

காலி வீட்டில் ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் பட்டு இரண்டாக வெளியே போயிற்று. வாசலில் சுமைக்காரர்கள் கயிற்று முடிச்சுகளை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அப்புறம் இன்னொண்ணு. அது ஒத்தச் சம்பளமும் இல்ல. ராத்திரியெல்லாம் உக்காந்து ஆலைக்குச் சோப்பு உறை ஒட்டினது யாரு?"

"அது சம்பளமா? ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு ஏதோ சில்லறை."

"அந்தச் சில்லறையிலதான் சோறு. உங்க சம்பளம் வீட்டுக்குப் போச்சு, என் சில்லறை வயித்துக்குப் போச்சு. ஒருநாள்கூட நான் அதைச் சொல்லிக்காட்டினதில்ல. நீங்க சொல்லிக்காட்டின சொல்லுல என் பொண்ணு நாளைக்கு வேலையை விடப்போறா."

மெஷின்காரர் உட்கார இடம் தேடினார். நாற்காலி லாரியில் இருந்தது. ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றார். "வேலையை விடப்போறாளா? யாரும் என்கிட்டச் சொல்லலயே."

"சொன்னா நீங்க என்ன சொல்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். பிறகு வெளியே போய், மேஸ்திரியிடம், "பின் அறையில இறக்குங்க. நாற்காலி மட்டும் லாரியிலயே இருக்கட்டும், அதுக்கு எந்த மூலைன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சாமான் இறங்கியதும் தானே லாரியின் முன்பக்கம் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மகள் இருந்த ஐந்து வீடுகளில் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை.

மகள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஏறி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வாசலில் புது வீட்டுக்காரரின் தரகர் சாவிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். உள்ளே சுவரின் அடிப்பாகம் ஈரத்தில் உப்பி உதிர்ந்திருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் சுவர். மெஷின்காரர் அந்தச் சுவரை வெளியே கைநீட்டித் தொட்டுப் பார்த்தார். பிறகு தரகரிடம் வந்தார்.

"இதை எவ்வளவுக்கு விடுறீங்க?"

தரகர் சொன்னார்.

"வருஷத்துக்கா?"

"நல்லா தமாஷ் பண்றீங்களே. மாசத்துக்கு."

"இதுக்கா?"

"ஐயா, இது குறைச்சல். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இந்த விலைக்கு நாய்ப்பெட்டிகூடக் கிடைக்காது. வரிசையில நிக்கிறாங்க."

மெஷின்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காக ஆலை அவர் சம்பளத்தில் அத்தனை வருஷமும் பிடித்த மொத்தத் தொகை, இங்கே ஒரு மாதத்துக்குப் போதாது.

அடுப்படியில் பொட்டலக்கா மகளிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகன் பெட்டிமேல் உட்கார்ந்து, பேச்சில் கலந்துகொள்ளாமல், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றாள் மகள். "உன் மனசு எனக்குப் புரியுது. அங்க வந்தா தினம் பாடம் கேக்கணும். என்னால முடியாது. இவருக்கு அது இன்னும் அசிங்கம்."

மெஷின்காரர் வாசற்படியில் வந்து நின்றிருந்தார். மூவரும் பார்த்தார்கள். அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று குனிந்து யோசிப்பதுபோல இருந்தார்.

"பாடம் முடிஞ்சுபோச்சும்மா" என்றார். "காலையிலதான் உங்கம்மா பரீட்சை வச்சா."

மகள் முகம் மாறவில்லை. "பாஸா?"

"பேப்பர் இன்னும் திருத்தல."

மருமகன்தான் முதலில் சிரித்தார். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு. மெஷின்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அந்த வாடகை நிஜமா? இந்த ஆளு சொல்றது?"

"நிஜந்தான் மாமா. நாங்க கொடுத்தது இதைவிடக் கொஞ்சம் குறைச்சல்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஏறிக்கிட்டே வந்துது."

"என்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டது எங்க போகுதுன்னு மாமா. எவ்வளவுன்னு கேக்கலயே."

மெஷின்காரர் தலையை ஆட்டினார். அது நியாயமான பதில் என்று ஒப்புக்கொண்ட தலையாட்டல். "ராத்திரி டியூட்டியை விடாதே" என்றார் மகளிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நான் வேலைக்குப் போன காலத்துல ஒருநாள் விட்டதில்ல. நீயும் அப்படித்தான். அதுல நாம ரெண்டு பேரும் ஒண்ணு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டுப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் எந்த அவசரமும் இல்லாததுபோல இருந்தது. ஆனால் ஒட்டுவதற்குமுன் பெட்டியை ஆட்டிக் கேட்க அம்மா மறந்துவிட்டதை மகள் பார்த்துவிட்டாள்.

"வீட்டுச் செலவுல பாதி நாங்க" என்றாள்.

"சரி" என்றாள் அம்மா.

"முன் அறைக்கு ஒரு கதவு போட்டுக்குவோம்."

"போட்டுக்க."

"வேற நல்ல இடம் கிடைச்சா போயிடுவோம். அப்போ யாரும் மூஞ்சியைத் தூக்கக்கூடாது."

"உன்னை யாரும் ஆணி அடிச்சு வைக்கப்போறதில்ல. நான் வேற எதுக்கு இருக்கேன்? கட்டிக் கொடுக்கிறேன்."

கடைசி நிலையத்து வீட்டுக்குக் கொடுத்த ஒரு மாதச் சம்பள அளவு முன்பணம் போய்விடும் என்று மருமகன் மெல்ல நினைவுபடுத்தினார். ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்ற ஒரு வேலையை விடுவது எந்தக் கணக்கு என்று மனைவி அவரையே கேட்டாள். வாத்தியார் யோசித்துவிட்டு, அந்த வீடு வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

சாமான் இறங்க ஆரம்பித்தது. அன்றைய தப்புக்குப் பிராயச்சித்தம்போல மேஸ்திரியின் ஆட்கள் மூன்று மாடியையும் ஓடியோடி இறங்கினார்கள். லாரி நிறைந்துவிட்டது. சோபா அந்த வரிசை வீட்டின் வாசலில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கால்களைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அதை மேஸ்திரியையே தம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் மகள். புத்தக அலமாரி அடுப்படிக்குப் போயிற்று. இரண்டு மெத்தை மிஞ்சியது. பெட்டிகளை எங்கே வைப்பது என்று யாரும் பொட்டலக்காவைக் கேட்கவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டு வைத்தார்கள். பொழுது இறங்குவதற்குள் அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டு தலைமுறையும் எப்படியோ அடங்கி, நடுவில் ஓர் ஆள் நடக்கப் பாதையும் இருந்தது. அத்தனை வருஷ வேலையில் இதுபோல ஒரு வீட்டை அவள் அடுக்கிப் பார்த்ததில்லை என்று மேஸ்திரி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷின்காரரும் மருமகனும் கட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு போல்ட் ஏறவில்லை.

"வீட்டுல ஒரு ஸ்பேனர் கிடையாதா மாப்பிள்ளை? ரெண்டு சம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "ரெண்டு சைஸ் வேணும். நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

மகள் குளித்துவிட்டு, ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே காலை எடுத்துவைத்து வந்தாள். ஒரு கையில் டீயை வாங்கி நின்றபடியே குடித்தாள். அன்றைக்கு லீவு சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்கவில்லை.

"கிளம்புறேன்."

"காலையில எத்தனை மணிக்கு வருவே?" என்றார் மெஷின்காரர், கட்டிலுக்கு அடியிலிருந்து.

"ஏழு ஆகும்பா."

"நான் அதுக்கு முன்னாலயே எழுந்துடுவேன். கதவு திறந்திருக்கும்."

பொட்டலக்கா வாசல்வரை வந்தாள். மகள் பஸ்ஸுக்கு நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள். மூன்று ஸ்டாப்புதானே. தெருவில் யாரோ அவளிடம், வீட்டுக்கே வந்துவிட்டாயா என்று கேட்டார்கள். அவள் நின்று பதில் சொல்லிவிட்டு, மெதுவாக மேலே நடந்தாள். டியூட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.